பாதிப் பாதி

9 ஜூலை 2007, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஓசூர் வந்து பதினாறு வருடம், இந்தக் குளிர் இன்னும் என் விருதுநகர் உடம்புக்குப் பழகவில்லை. ஏ ஷிப்ட். எட்டாம் நம்பர் பிரஸ்ஸில் மறுபடி எண்ணெய் ஒழுகல். வாங்க வேண்டியவை: சர்க்கரை, சுகன்யாவுக்கு லாக் டேபிள், எனக்கு ஒரு குடை.

மாலை சுகன்யாவின் இயற்பியல் வீட்டுப்பாடம். ப்ளஸ் ஒன் போய் மூன்று வாரம்தான், அதற்குள் திசையன், தொகுபயன் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறாள். கணக்கு: நூறு நியூட்டன் எடை, இரண்டு கயிற்றில் தொங்குகிறது. கயிறுகளுக்கு நடுவே 120 டிகிரி. ஒரு கயிற்றின் இழுவிசை என்ன? நூறு என்று எழுதியிருந்தாள். எனக்குச் சிரிப்பு.

"ஏம்மா, ரெண்டு கயிறுன்னா பாதிப் பாதிதானே? கிரேன்ல டன் டன்னா தூக்குறவன் சொல்றேன். அழி."

"இல்லப்பா, கோணம் இருக்குல்ல..."

"அழிங்கிறேன்ல."

அழித்து ஐம்பது என்று எழுதினாள்.

10 ஜூலை, செவ்வாய்

ஐம்பதுக்குப் பெருக்கல் குறி. அழித்த தடம் தெரிந்ததாம். "சரியா எழுதிட்டு எதுக்கு அழிச்ச?" என்று டீச்சர் கேட்டிருக்கிறார்.

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலப்பா."

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் விடவும் இல்லை. துணி காயப்போடும் கயிற்றின் நடுவில் ஐந்து கிலோ ராகிப் பையைக் கட்டினாள். ஒரு முனை அவள் அம்மா ராணியிடம், மறுமுனை என்னிடம். பக்கத்தில் நின்றபோது கனமே இல்லை. "அம்மா பின்னாடி போ. அப்பா நீயும் போ." போகப் போக இழுவை ஏறியது.

"ஐயோ, கையை அறுக்குதுங்க!" ராணி முனையை விட்டுவிட்டாள். பை கிழிந்து வாசலெல்லாம் ராகி. மூவரும் சிரித்தோம்.

சிரித்துக்கொண்டே கயிற்றைச் சுருட்டும்போது உறைத்தது. இப்படிக் கிட்டத்தட்டப் படுத்த மாதிரி நின்ற கயிற்றை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

11 ஜூலை, புதன்

வேலையில் மனம் இல்லை. இரண்டு பேரைக் காரணமில்லாமல் திட்டினேன்.

எழுதிவிடுகிறேன். மூன்று வருடம் முன்பு, தகடு அழுத்தும் பிரஸ் ஷாப், சூப்பர்வைசர் நான். மூன்று டன் அச்சைக் கிரேனில் தூக்க வேண்டும். ஒவ்வொன்றும் இரண்டு டன் தாங்கும் ஸ்லிங் கயிறு இரண்டு. கொக்கி மாட்டியது முனிராஜ், பக்கத்துப் பேரிகை ஊர்க்காரன், காண்ட்ராக்ட் ஆள். அடுத்த மாதம் பெர்மனென்ட் ஆக வேண்டியவன்.

"சார், இது குட்டை. ரொம்ப அகலமா நிக்குது. பக்கத்து ஷெட்டுல நீளக் கயிறு கீது, எடுத்தாரட்டா?"

"மூணுல பாதி ஒன்றரை. கயிறு ரெண்டு தாங்கும். மாட்டுப்பா, நேரமாகுது."

ஆளுயரம் கூட ஏறவில்லை, அறுந்தது. யார் மேலும் விழாதது அவன் கும்பிடும் சாமி புண்ணியம். கொக்கியில் கயிறு சரியாக உட்காரவில்லை, வழுக்கி வெட்டி இழுத்ததில் அறுந்தது என்று விசாரணையில் முடிவு. முனிராஜின் கவனக்குறைவு. கீழே என் கையெழுத்து. நீளக் கயிறு கேட்டானே, அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவனுக்கு வேலை போயிற்று. வேறு இரண்டு கம்பெனியில் வேலை கேட்டுப் போனான். அவர்கள் எங்கள் ஆபீசுக்குப் போன் போட்டார்கள். கவனக்குறைவு என்ற அந்த ஒரு வார்த்தை போதுமே.

13 ஜூலை, வெள்ளி

சுகன்யாவிடம் உட்கார்ந்து அந்த மூன்று டன் அச்சின் கணக்கைப் போட்டேன். கோணம் 140 இருக்கும். முதல் தடவை அதைப் பாதியாக்க மறந்தேன்.

"படம் போடாம கணக்குல எறங்காதப்பா. எந்தக் கோணம்னு மொதல்ல குறி."

குறித்தேன். பாதி, எழுபது. காஸ் 70, 0.342. மூன்றை அதன் இரட்டிப்பால் வகுத்தால் 4.39. இரண்டு டன் தாங்கும் பழைய கயிறு ஒவ்வொன்றிலும் நாலு டன்னுக்கு மேல்! மறுபடி போட்டேன், அதே விடை. தப்பாக வரட்டும் என்று மூன்றாம் தடவையும் போட்டேன்.

"இது எந்தப் புக்குல இருக்குப்பா?"

அவளிடம் எல்லாம் சொன்னேன். வெள்ளைத் தாளில் படத்தை ஸ்கேல் வைத்து வரைந்து கொடுத்தாள்.

14 ஜூலை, சனி

படத்தோடு கடிதம். தவறு என்னுடையது, முனிராஜ் எச்சரித்தான் என்று இரண்டே வரி. மேனேஜர் படித்துவிட்டு: "செத்த பாம்பை எதுக்குங்க அடிக்கிறீங்க? உங்களுக்குத்தான் மெமோ வரும்."

"வரட்டும் சார்."

தபால் பிரிவில் நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். இதை மூன்று வருடம் முன்பே செய்ய எனக்கு என்ன கேடு.

15 ஜூலை, ஞாயிறு

பேரிகை பஸ்ஸில் நின்றே பயணம். முனிராஜ் மண்டியில் தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தான். இளைத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும், "பன்னி சார், பன்னி." கன்னடத்தில் வாங்க என்று அர்த்தம். ஓசூர் வந்த புதிதில் இதற்காக ஒருவன் சட்டையைப் பிடித்தவன் நான். இன்று தமிழ் அர்த்தத்திலேயே சொல்லியிருந்தாலும் தகும்.

டீ வாங்கிக் கொடுத்தான். நகலைக் கொடுத்தேன். படத்தைக் காட்டி விளக்கினேன். தப்பு என்னுடையது, மன்னித்துவிடு என்றேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணு வருசமா தெனம் அந்தக் கொக்கிய மனசுக்குள்ள மாட்டி மாட்டிப் பாக்கறேன் சார். ஒவ்வொரு தபாவும் சரியாத்தான் மாட்டறேன். அப்பறம் எப்பிடி வுழுந்துச்சுன்னு புரியாது. எங்கியோ தப்பு பண்ணிட்டோம்னு வுட்டுருவேன்."

டீ ஆறிவிட்டது. தாளை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"அப்போ நான் மாட்டுனது சரிதானா சார்?"

"சரிதான் முனிராஜ்."

மறுபடி கேட்டான். மறுபடி சொன்னேன்.