இரண்டு தடவை திருத்திய அரை மணி

மாத்தளை, 17 ஏப்ரல் 2006, திங்கள்.

சனிக்கிழமை நாடே நேரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்கு வைத்தது. இன்று காலை அலுவலகத்தில் ஒருவராலும் கணினிக்குள் நுழைய முடியவில்லை. பெரிய சேர்வர் மட்டும் மற்றவற்றைவிட அரை மணித்தியாலம் பிந்தி ஓடியது. நேரம் ஐந்து நிமிடம் வித்தியாசப்பட்டாலே கணினிகள் ஒன்றையொன்று நம்பாது.

மத்தியானம் வரை கேபிள்களைச் சந்தேகித்தேன். பிறகுதான் கூட வேலை செய்யும் ரிஸ்வான் மெதுவாகச் சொன்னார்: "நான் சனிக்கிழமையே வந்து பெரிய சேர்வர்ல கையால அரை மணித்தியாலம் கொறச்சிட்டேனே. நீங்களும் மாத்தினீங்களா?"

நேற்று நான் எல்லாச் சேர்வர்களிலும் நேர வலயத்தை மாற்றி அரை மணித்தியாலம் பின்னுக்கு வைத்திருந்தேன். ஒரே திருத்தம், இரண்டு பேர். ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டேன்.

அக்கா கல்யாணமாகிக் கிளிநொச்சியில் இருக்கிறாள். அது இயக்கத்தின் பகுதி; நாடு நேரத்தை முன்னுக்கு வைத்தபோதும் அங்கே மாற்றவில்லை, பத்து வருஷமாகப் பழைய நேரம்தான். திங்கட்கிழமைகளில் மாலை ஒரு கடையிலிருந்து போனில் பேசுவாள். "எனக்கு ஏழு, ஒனக்கு ஏழரை, மறந்துறாதடா" என்று சொல்லித்தான் வைப்பாள். போன வாரம், "சண்டை வருமாம், பாதைய மூடப்போறாங்கன்னு பேசிக்கிறாங்க" என்றும் சொன்னாள்.

இன்றுதான் எங்கள் இருவருக்கும் ஒரே ஏழு மணி. போன் அடிக்கவில்லை. அவளும் செய்தியைக் கேட்டு, சரியாக ஓடிய கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்திருப்பாள் என்று ஏழரை வரை உட்கார்ந்திருந்தேன். அப்போதும் அடிக்கவில்லை.

இப்போது ஒன்பதரை. அரை அரை மணியாக இன்னும் எத்தனை தடவை பின்னுக்கு வைத்திருந்தால் அவளுக்கு இப்போது ஏழாகும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.