தாலின் நேரம்

அன்புள்ள லேலோ,

நீயும் அம்மாவும் சுகமா? உன் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையுமில்லை. இந்த நார்வே ஊரின் மீன் நாற்றம்கூடப் பழகிவிட்டது.

போன வாரம் என் பழைய மடிக்கணினி படுத்துவிட்டது. கூட வேலை செய்யும் தூர்லைப், "தூக்கிப் போட்டுடாத. பென்டிரைவ்ல லினக்ஸ ஏத்தி, அதுலேர்ந்து புதுசா போட்டுக்கலாம்" என்றான். என்னிடம் இருந்தது நீ கொடுத்த பென்டிரைவ்தான். ஏற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடுமாம். நீ பாடிய வீடியோக்களை முதலில் அவன் கணினிக்கு மாற்றினேன். எல்லாம் வந்ததா என்று ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். "யோவ், சரிபாக்குறியா, சினிமா பாக்குறியா?" என்று கத்தினான்.

பென்டிரைவைச் செருகி நிறுவும்போது, எந்த ஊர் நேரம் வேண்டும் என்று கணினி கேட்டது. கை தானாக நம் ஊர்த் தாலினை அழுத்திவிட்டது.

மறுநாள் அதில் மணி பார்த்து, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று பதறி, காபிகூடக் குடிக்காமல் ஓடினேன். மீன் ஆலை பூட்டிக் கிடந்தது. இங்கே நம் ஊரைவிட ஒரு மணி நேரம் பின்னால் அல்லவா! சாவியோடு வந்த மேற்பார்வையாளர் குன்வோர், "என்னய்யா, பொண்டாட்டி வெரட்டிட்டாளா?" என்று சிரித்தாள்.

"வெரட்டுற தூரத்துலயா இருக்கா?" என்றேன்.

சிரிப்பை நிறுத்திவிட்டு, தன் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள்.

அடுத்த பார்சலில் கறுப்பு ரொட்டியும் கம்பளிக் காலுறையும் அனுப்பு. ஒரு பென்டிரைவும் வை, காலியாக அனுப்பிவிடாதே.

படகு வந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள். வேலைக்கு இப்போது கைக்கடிகாரம் பார்த்துப் போகிறேன். கணினியில் மட்டும் நேரத்தை மாற்றவில்லை. நீ விளக்கணைக்கும் நேரத்துக்கு நானும் அதை மூடிவைக்கிறேன்.

உன்
ஊர்மாஸ்