‘தானா விழுந்துட்டார்’னு சொன்ன காதர் பாய்க்கு

என் உயிருக்கு உயிரான காதர் பாய்,

சேகர்தான் எழுதுறேன். மந்தைவெளி கார் ஸ்டாண்டுல உன் பக்கத்துல வண்டி போட்டுக்கினு இருந்த அதே சேகர். கேஸ் இன்னும் முடியல பாய். என் கால் ஒடைஞ்சு ஆறாவது வருஷம் நடக்குது, நீ போயி ஒரு வருஷம் தாண்டிடுச்சு, இன்னும் முடியல. ஆனா போன செவ்வாய்க்கிழமை ஒருவழியா என்னைச் சாட்சிக் கூண்டுல ஏத்திட்டாங்க. அங்க நடந்ததை உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்றது?

நம்ம டிரைவர் சங்கத்து ஆண்டு மலர்ல நினைவஞ்சலிக்குன்னு ஒரு பக்கம் வெச்சிருக்காங்களாம். “காதரைப் பத்தி நாலு வரி எழுதிக் குடு”ன்னாங்க. நாலு வரியில உன் மீசையைப் பத்தியே எழுத முடியாது. அதான் கடுதாசியாவே எழுதிட்டேன். மத்த டிரைவருங்களும் படிக்கட்டும். நாம பண்ண தப்பை அவங்களாவது பண்ணாம இருக்கட்டும்.

நடந்ததை முதல்லேர்ந்து சொல்லிடறேன். உனக்குத் தெரிஞ்சதுதான், மத்தவங்களுக்குத் தெரியாதுல்ல. அன்னிக்கு நமக்குக் கல்யாண சவாரி. ஆதம்பாக்கத்துலேர்ந்து மாப்பிள்ளை வீட்டு ஆளுங்களை ரெண்டு கார்ல ஏத்திக்கினு காலைல மைலாப்பூர் மண்டபத்துக்கு வந்தோம். முன்னாடி உன் வண்டி, பின்னாடி என் வண்டி. ஓரமா நிறுத்திட்டு, டிக்கியைத் திறந்து, பெட்டியை இறக்கிக்கினு இருந்தேன். பின்னாடி ஒருத்தன் போன்ல பேசிக்கினே வந்து இடிச்சான். அவன் பம்பருக்கும் என் பம்பருக்கும் நடுவுல என் இடது கால்.

கல்யாண வீட்டுக்காரங்க “ஐயய்யோ”ன்னாங்க, பெட்டியை எடுத்துக்கினு உள்ள போயிட்டாங்க. முகூர்த்தம் தவறிடும்ல. இடிச்ச மகராசன் இறங்கி வந்து, “நான் பாத்துக்கறேன், எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன்”னு ரெண்டு தடவை சொன்னான். நீ என்னைத் தூக்கி உன் பின்சீட்டுல போடறதுக்குள்ள ஆளைக் காணோம். நல்லவேளை, அவன் வண்டி நம்பரை நீ போன்ல படம் புடிச்சு வெச்சிருந்த.

முதல்ல போன ஆஸ்பத்திரியில “ஆக்சிடென்ட் கேஸா? போலீஸ் வரணும், இல்லன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க”ன்னு கையை விரிச்சாங்க. நான் பின்சீட்டுல அலறிக்கினு கீறேன். ரெண்டாவது ஆஸ்பத்திரி அடையாறு பக்கம். அங்க போறதுக்குள்ள நீ உஷாராயிட்ட. “இன்னா ஆச்சு?”ன்னு கேட்டதுக்கு, “படியில வழுக்கித் தானா விழுந்துட்டார் சிஸ்டர்”ன்னு சொன்ன. எழுதிக்கினாங்க. அடுத்த நிமிஷம் ஸ்ட்ரெச்சர் வந்துடுச்சு. இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா கால் போயிருக்கும்னு டாக்டர் சொன்னார்.

இது நீ மட்டும் பண்ண வேலை இல்ல. நம்ம ஆளுங்க எல்லாரும் பண்றதுதான். “ஆக்சிடென்ட்னு வாயைத் திறக்காத மாமா, விழுந்துட்டான்னு சொல்லு, அப்பதான் தொடுவாங்க”ன்னு ஸ்டாண்டுல எத்தனை பேருக்கு நாமளே யோசனை சொல்லிருக்கோம்! அந்த ஒரு சொல்லு ஆறு வருஷம் நம்ம காலைச் சுத்தும்னு யாருக்குத் தெரியும்?

பத்து நாள் கழிச்சு என் பொண்டாட்டி அமுதா போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுத்தா, நீ துணைக்குப் போன. வக்கீல் பாத்தாரு. “நின்னுக்கினு இருந்த ஆளைப் பின்னாடி வந்து இடிச்சிருக்கான். தப்பு உம்மேல ஒரு பொட்டு கூட இல்ல. ஒரு வருஷத்துல இழப்பீடு வாங்கித் தரேன்”னாரு. அன்னிக்கு நாம கோர்ட்டு வாசல்ல பஜ்ஜி தின்னோம். நினைச்சா சிரிப்பு வருது.

அப்புறம் வாய்தாதான். ஜட்ஜ் லீவு, வாய்தா. ஜட்ஜையே மாத்திட்டாங்க, புதுசா வந்தவர் கேஸ் கட்டைப் படிக்கணும், வாய்தா. வக்கீலுங்க கோர்ட்டுக்கு வரல, வாய்தா. இடிச்ச காரோட இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீலுக்கு ஜுரம், வாய்தா. எனக்கு ஜுரம் வந்தா மட்டும் நான் வந்தே ஆவணும். எவனோ இடிச்சதுக்கு நான்தான் படியேறணும், அதுவும் ஒடைஞ்ச காலை வெச்சுக்கினு. இது என்ன நியாயம், நீயே சொல்லு?

நடுவுல வண்டி போச்சு. கிளட்ச்சை நாலு தடவை அமுக்கினா அஞ்சாவது தடவை உயிர் போயி உயிர் வருது, எப்படி ஓட்டறது? தவணை நின்னுச்சு, வந்து எடுத்துக்கினு போயிட்டாங்க. இப்ப தி.நகர்ல ஒரு துணிக்கடை பார்க்கிங்ல விசில் ஊதறேன். “வா வா வா, ரைட்டு, போதும்”னு நாள் பூரா அடுத்தவன் வண்டிக்கு வழி காட்டறேன். நான் ஓட்ட முடியல. அந்த இழப்பீடு வந்தா ஆபரேஷன்ல கால்ல வெச்ச பிளேட்டை எடுத்துட்டு, கியர் இல்லாத வண்டி ஒண்ணு வாங்கி மறுபடி ஸ்டீயரிங் புடிக்கலாம். எனக்கு வேற ஆசை ஒண்ணும் இல்ல பாய்.

ரெண்டாவது வருஷக் கடைசியிலதான் இன்சூரன்ஸ்காரங்க ஆஸ்பத்திரி ரெஜிஸ்டர் காப்பியைக் கோர்ட்டுல நீட்டினாங்க. ‘படியில் தானாக விழுந்ததாகச் சொல்லப்பட்டது.’ வக்கீல் அந்த வரி மேல விரலை வெச்சு, “யாருய்யா இதைச் சொன்னது? கேஸே இதுல கவுந்துடும்”னாரு.

நேரா நம்ம ஸ்டாண்டு பக்கம், பஸ் டிப்போ எதிர் டீக்கடைக்கு வந்தேன். நீ ரெண்டு டீ சொன்ன. நான் குடிக்கல. “எல்லாம் நீ பண்ண வேலை பாய். உன் வாய் சும்மா இருந்திருந்தா என் பொழப்பு இப்படி நாறிருக்காது”ன்னேன். ஸ்டாண்டு ஆளுங்க எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்க. நீ கிளாஸைக் கீழ வெச்சுட்டு, “காலை எடுத்துருவாங்கன்னு பயந்துட்டேன்டா”ன்னு மட்டும் சொன்ன. நான் திரும்பிப் பாக்காம வந்துட்டேன்.

அதுக்கப்புறம் நான் உன்கிட்ட பேசல. ஆனா நீ கோர்ட்டுக்கு வந்த. நீ சாட்சி சொன்னா சரியாயிடும்னு வக்கீல் சொன்னதைக் கேட்டு, நான் கூப்பிடாமலே வந்த. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, சவாரியை விட்டுட்டு, வேற பெஞ்சுல உக்காந்துக்கினு. மூணு தடவை வந்த, மூணு தடவையும் வாய்தா. நான் ஒவ்வொரு படியா இறங்க, நீ ரெண்டு படி பின்னாடியே வந்த, நான் விழுந்துட்டா புடிக்கறதுக்கு. அது தெரிஞ்சும் நான் பேசல. என்ன திமிரு எனக்கு!

நாலாவது தடவை வர்றதுக்கு நீ இல்ல. நெஞ்சு வலிக்குதுன்னியாம், உன் வீட்டம்மா ஷமீம் பாபி தண்ணி எடுத்துக்கினு வர்றதுக்குள்ள முடிஞ்சுடுச்சாம். உன்னைத் தூக்கிக்கினு போன சந்தூக்குக்கு நொண்டிக்கினே நாலடி தோள் குடுத்தேன். அதுக்கு மேல கால் ஒத்துழைக்கல, வேற ஒருத்தர் வாங்கிக்கினாரு. உன்கிட்ட பேசாத அந்த வருஷங்களை நினைச்சா இன்னிக்கும் சோறு இறங்க மாட்டேங்குது.

இப்ப செவ்வாய்க்கிழமைக்கு வரேன். முந்தின நாள் வக்கீல் கூப்பிட்டு உக்கார வெச்சு சொன்னாரு. “நாளைக்கு உன்னைக் குறுக்கு விசாரணை பண்ணுவாங்க. ஆஸ்பத்திரியில யார் சேத்தாங்கன்னு கேப்பாங்க. மயக்கத்துல இருந்தேன், யாரோ வழியில போனவங்க சேத்தாங்க, தெரியாம ஏதோ சொல்லிட்டாங்கன்னு சொல்லிடு. காதர்னு ஒரு பேரே உன் வாயில வரக்கூடாது. செத்துப் போனவர் வந்து மறுக்கப் போறாரா?”

வீட்டுக்கு வந்து அமுதாகிட்ட சொன்னேன். அவ திட்டுவான்னு பாத்தா, “வக்கீல் சொல்றதைச் சொல்லிடு. பாய் இருந்தா அவரே அப்படித்தான் சொல்லச் சொல்லுவாரு”ன்னா. நெசந்தான். நீ அப்படித்தான் சொல்லுவ, எனக்குத் தெரியாதா? அதனாலதான் உன்னை யாரோன்னு சொல்ல எனக்கு வாயே வரல.

மறுநாள் கோர்ட்டுல இன்சூரன்ஸ் வக்கீல் ஒரு அம்மா. சத்தமே போடல, ரொம்ப மரியாதையா கேட்டாங்க.

“உங்களை ஆஸ்பத்திரியில சேர்த்தது யாருங்க?”

நம்ம வக்கீல் என்னையே பாத்துக்கினு இருந்தாரு. யாரோன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “காதர் பாய்”னு வந்துடுச்சு.

“தானா விழுந்தார்னு சொன்னது அவரா?”

“ஆமாங்க.”

“அப்ப அது பொய்யா?”

“பொய்தாங்கம்மா. பயத்துல சொன்னாரு. நெசத்தைச் சொன்ன இடத்துல என்னை உள்ளயே விடல.”

அதோட விடுவாங்கன்னு பாத்தேன். விடல. “உங்க கூடப் பொறந்தவங்க எத்தனை பேர்?”ன்னாங்க. எதுக்குக் கேக்கறாங்கன்னே புரியல. ரெண்டு அக்கா, ஆம்பளைப் புள்ள நான் ஒருத்தன்தான்னு சொன்னேன். உடனே அந்த ரெஜிஸ்டர் காப்பியை என் கையில குடுத்து, அடியில இருக்குறதைப் படிங்கன்னாங்க. இத்தனை வருஷமா அந்த ஒரு வரியைத்தான் பாத்து வயிறெரிஞ்சேன், அதுக்குக் கீழ என் கண்ணும் போகல, நம்ம வக்கீல் கண்ணும் போகல பாய்.

‘அழைத்து வந்தவர்: காதர். உறவு: அண்ணன்.’

கால் ஒடைஞ்ச அன்னிக்கு அமுதா பாலவாக்கத்துல வேலைக்குப் போயிருந்தா. ஆபரேஷனுக்குச் சொந்தக்காரங்க கையெழுத்து வேணும்னு கேட்டிருப்பாங்க. நீ போட்டிருக்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. டீக்கடையில நான் அவ்வளவு பேசினப்ப கூட சொல்லல.

“உங்களுக்கு அண்ணனே இல்லைங்கறீங்க. அப்ப இதுவும் பொய். ஒரே தாள்ல ரெண்டு பொய் சொன்னவரோட பேச்சை எப்படிங்க நம்பறது?”ன்னு அந்தம்மா கேட்டாங்க. அவங்க வேலை அது, அவங்க மேல எனக்குக் கோவம் இல்ல.

“மேல இருக்குறது பொய்தாங்கம்மா. கீழ இருக்குறது பொய் இல்ல”ன்னேன்.

கூண்டுலயே அழுதுட்டேன் பாய். ஜட்ஜ் நிமிந்து பாத்தாரு. டைப் அடிக்கிறவங்ககிட்ட, “அவர் சொன்னதை அப்படியே எழுதிக்குங்க”ன்னாரு. எழுதிட்டாங்க.

வெளிய வந்ததும் நம்ம வக்கீல் தலையில அடிச்சுக்கினாரு. “கேஸைக் குழி தோண்டிப் பொதைச்சுட்டியே”ன்னாரு. பொதைச்சேனா இல்லையான்னு தெரியல. வாதத்துக்கு இன்னொரு வாய்தா குடுத்திருக்காங்க. நான் படிக்கட்டு வழியா மெதுவா இறங்கினேன். பின்னாடி யாரும் வரல.

டீக்கடையில பேசினதுக்கு என்னை மன்னிச்சுடு பாய். இன்னும் எத்தனை வாய்தா போட்டாலும் போவேன். தோத்தாலும் மேல் கோர்ட்டுக்குப் போவேன், அங்கயும் கேப்பாங்க. எங்க கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும், இதையேதான் சொல்லுவேன்.

இப்படிக்கு,
கோர்ட்டு ரெக்கார்டுபடியே உன் தம்பி,
சேகர்