காலை ஏழு மணித் தொழுவம்

மே 14, செவ்வாய்

இன்று இருந்தவர்கள்: தொழுவத்தில் என் மகன் ஹில்கே. பால் அறையில் மருமகள் ஆஃப்கே. மாடியில் பேத்தி யில்டூ, காதில் பாட்டு. சமையலறை ஜன்னலில் நான். எல்லை வாய்க்காலில் பக்கத்துப் பண்ணைக்காரன். அவன் பெயரை எழுதமாட்டேன். என் வீட்டுக்காரர் டாவேயைப் புதைத்துவிட்டு வந்து, என் காபியைக் குடித்துக்கொண்டே "போதையிலதானே விழுந்தான்" என்றவன். முப்பத்தாறு வருஷம் ஆகிறது.

பத்தரைக்கு, தொழுவத்துக்கு அடியிலுள்ள சாணக்குழியின் கலக்கி இயந்திரம் சுற்ற ஆரம்பித்தது. ஹில்கே உள்ளே. குழி கலங்கினால் எழும் காற்று இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். நான் பாத்திரத்தைத் தட்டினேன். வாய்க்காலில் இருந்தவன் திரும்பினான், தொழுவத்தைக் காட்டினேன். ஓடிப்போய், மூச்சை அடக்கிக்கொண்டு என் பிள்ளையைக் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டான்.



மே 15

ஹில்கே ஆஸ்பத்திரியில். உயிர் இருக்கிறது. கண் திறக்கவில்லை.

மே 16

இன்ஷூரன்ஸ் ஆள் வந்தான். "உள்ள போறப்ப பொத்தானை அமுக்க மறந்திருப்பார். வாசல் விளக்கு பச்சையாத்தான் இருந்திருக்கும்." இல்லை! பத்து பத்துக்கு ஹில்கே உள்ளே போனான், விளக்கு சிவந்தது. கலக்கி சுற்றும்போதும் சிவப்பு. சிவப்பு எரிந்தால் சுற்றக்கூடாது என்றுதானே யில்டூ கலக்கிக்கான கணினிக் கட்டளையையே எழுதினாள்?

"வயசாச்சு, குழம்பிட்டீங்க அத்தை" என்றாள் ஆஃப்கே. குழி நிரம்பிவிட்டதாம், சனிக்கிழமை கலக்கியைத் திரும்ப ஓட்டணுமாம். மாடுகளைப் பார்க்க யார் உள்ளே போவது? அவள்தான். ஐயோ, இவளையும் தின்றுவிடுமோ?

யில்டூ கணினியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மே 17

யில்டூ கணினியோடு வந்தாள். முகம் மோர் மாதிரி வெளுத்திருந்தது.

"பாட்டி, நீ சொன்னதுதான் சரி. சிவப்புதான்."

"அப்புறம் ஏன்டி சுத்துச்சு?"

"பத்தரை மணி வேலையை ஏழு மணிக்கே பொட்டலமா கட்டி வெச்சிடுவேன். வேண்டியதை அது கூடவே எடுத்துக்கும். 'உள்ள ஆள் இருக்கா'ங்கிறதை அந்த நேரத்துல போய்ப் பார்த்துக்கோன்னுதான் முதல்ல எழுதினேன். ரஸ்ட்னு நான் எழுதற கணினி மொழி ஒத்துக்கல. 'வேலை நடக்கறப்ப நீ பார்க்கச் சொல்ற இடமே இல்லாமப் போகலாம், மூவ்னு ஒரு வார்த்தை சேரு, கையோட எடுத்துட்டுப் போயிடும்'னு அதுவே வழி சொல்லிச்சு. சேர்த்தேன். திட்டறதை நிறுத்திடுச்சு."

"எதை எடுத்துட்டுப் போச்சு?"

"ஏழு மணி பதிலை. 'ஆள் இல்ல'. சின்னப் பதில், அதனால நகல் எடுத்துக்கிச்சு. அப்பா உள்ள போனதும் அசல் மாறிச்சு, விளக்கு சிவந்துச்சு. நகல் அப்படியே இருந்துச்சு."

காலித் தொழுவத்தை மடியில் முடிந்துகொண்டு வந்து, பத்தரைக்கு என் பிள்ளை மேல் அவிழ்த்திருக்கிறது. 

"நானே அப்பாவைக் கொன்னிருப்பேன்" என்று அழுதாள். 

மே 18

இப்போது பொட்டலத்துக்குள் பதில் இல்லை, பதில் இருக்கும் பெட்டியின் சாவி. விளக்குக்கும் கலக்கிக்கும் ஒரே பெட்டி. கலக்கியைக் கழற்றிவிட்டு அந்தக் கம்பியில் ஒரு பல்பை மாட்டினோம். ஏழு மணிக்குக் கட்டினாள். பத்து பத்துக்கு நான் உள்ளே போய்ப் பொத்தானை அமுக்கினேன்.  பத்தரை. பல்பு எரியவில்லை. கலக்கியாக இருந்தால் சுற்றியிருக்காது.

ஹில்கே கண் திறந்தானாம்.

மே 23

ஹில்கே வீட்டுக்கு வந்துவிட்டான். சர்க்கரை ரொட்டி செய்து, பக்கத்துப் பண்ணை ஷெர்ப்பைக் காபிக்கு நானே கூப்பிட்டேன்.

"ஃப்ரௌக்கே, உனக்குப் பேச்சு வருமா? ஊமையாயிட்டேன்னுல்ல நெனச்சேன்!"

"ரொட்டியைத் தின்னு, கிழவா."

டாவேயைப் புதைத்த அன்று சொன்னதற்கு வருத்தமாம். சரியாகச் சொல்லத் தெரியவில்லை, காபியைக் கீழே கொட்டினான். தலை முழுக்க நரை. எப்போது நரைத்தது?

செவ்வாயன்று எழுதாதது ஒன்று. ஜன்னல் திறந்திருந்தது. அவன் இருபது அடியில் நின்றான். பெயரைச் சொல்லி ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். வாய் வரவில்லை. கரண்டியைத் தேடி, பாத்திரத்தைத் தேடி, தட்டி, அவன் திரும்ப ஒரு முழு நிமிஷம். கடிகாரம் தலைக்கு மேலேயே இருந்தது, பார்த்தேன்.

யில்டூவை எப்போதோ மன்னித்துவிட்டேன். ஷெர்ப்பை இன்று. மன்னிக்கவே மாட்டேன் என்பது ஒருத்தியை மட்டும்.

ஃப்ரௌக்கே.