பரிசம் வாங்க ஓர் ஆள்

ஜவ்வாது மலை
10.9.1978

அன்புள்ள அண்ணன் ரங்கசாமிக்கு,

தங்கை சுந்தரம்மாள் எழுதுவது. நான் சுகம். அண்ணி செல்லம்மாவும் வடிவும் சுகமா? இங்கே மழைக்குக் குறைவில்லை, சாமை நன்றாக நிற்கிறது. நாலு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

என் வீட்டுக்காரர் போய் மூன்று வருஷம் ஆகிறது. கோபால்சாமி என்னைக் கேட்டார், நானும் சரி என்றேன். சித்திரையிலிருந்து ஒன்றாக இருக்கிறோம். இப்போது எனக்கு மூன்று மாதம். நம்ம மலையில் இது தப்பில்லை என்று உனக்கே தெரியும். பிறந்த வீட்டு ஆண் பந்தலில் நின்று மாப்பிள்ளை தரும் பரிசச் சாமையை வாங்கிக்கொண்டால் கல்யாணம் முடிந்தது. அப்பா இல்லை. அண்ணன் உயிரோடிருக்க வேறு யாரும் நிற்கக் கூடாது. ஐப்பசி கடைசி வெள்ளி காளியம்மன் திருவிழா. அதற்குள் பரிசம் ஆகாவிட்டால் எங்களுக்கு ஊரில் யாரும் தண்ணியோ நெருப்போ தரக்கூடாது என்று ஊர்க்கவுண்டர் சொல்லிவிட்டார். ஒரு நாள் வந்துவிட்டுப் போ.

உன் பாசமுள்ள தங்கை
சுந்தரம்

கண்ணமங்கலம்
21.9.1978

அருமைத் தங்கைக்கு அண்ணனின் ஆசீர்வாதம்.

நல்ல காலம், தபால்காரரிடம் நானே வாங்கினேன். இனி வூட்டு விலாசத்துக்கு எழுதாதே, அரிசி மண்டிக்கு எழுது.

வடிவுக்கு ஆரணியில் மாப்பிள்ளை பேசியிருக்கிறது. பையன் வாத்தியார். தையில் கல்யாணம். போன வாரம் பையனின் அம்மா வந்து எல்லார் முன்னாலும் கேட்டார்: "உங்க ஜனத்துல அறுத்துக் கட்டுற வழக்கம் இல்லியே?" "இல்லீங்க" என்றேன். நான் மலைக்காரன் என்பதே அவர்களுக்குத் தெரியாது. இப்போது நான் உன் பந்தலில் நின்றால் சேதி சந்தைக்குச் சந்தை இறங்கி வந்துவிடும். இங்கே புருஷன் செத்தவள் மறுபடி பூ வைத்தாலே ஊர் சிரிக்கும். இந்தச் சட்டத்தை நானா போட்டேன்?

வாணியம்பாடியில் ஒரு லேடி டாக்டர் இருக்கிறார். மூன்று மாதம்தானே, யோசித்துப் பார். தை கழிந்தபின் மற்றதைப் பேசலாம்.

உன் அண்ணன்
ரங்கசாமி

ஜவ்வாது மலை
2.10.1978

அண்ணா,

யோசித்தேன். டாக்டர் பற்றி நீ எழுதிய இடத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

நம்ம அம்மா யார்? முதல் புருஷனைக் கரடி அடித்த பிறகு அப்பாவைக் கட்டியவள். மாமா பரிசம் வாங்கி நடந்த அந்தக் கல்யாணத்தில் பிறந்தவர்கள்தான் நாம் இரண்டு பேரும். பையனின் அம்மாவிடம் "இல்லீங்க" என்று சொன்னாயே, உனக்கு வாய் எப்படி வந்தது?

கீழே கட்டட வேலைக்குப் போய்வந்த பையன்கள் என்னைப் பார்த்து, "அறுத்துக் கட்டறவ போறா பாரு" என்கிறார்கள். போன வருஷம்வரை இந்த மலையில் அந்தப் பேச்சே கிடையாது. நாங்கள் புளியும் தேனும் இறக்குகிறோம், நீங்கள் இதை ஏற்றி அனுப்புகிறீர்கள். ஊர்க்கவுண்டர் முகத்திலும் இப்போது சிரிப்பு இல்லை.

ஓடிப்போய்விடலாமா என்று கோபால்சாமி கேட்கிறார். இந்த வயிற்றோடு எங்கே ஓடுவது? குடகில் காபித் தோட்டத்துக்கா? பயமாக இருக்கிறது அண்ணா. அண்ணிக்குத் தெரிய வேண்டாம், புளி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வா. பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடலாம். உன் காலில் விழுகிறேன்.

சுந்தரம்

கண்ணமங்கலம்
25.10.1978

சுந்தரம்,

நேற்று நான் கிளம்பினேன், சத்தியமாகக் கிளம்பினேன். ஆலங்காயத்தில் மலை பஸ்ஸுக்கு நிற்கும்போது மாப்பிள்ளையின் சித்தப்பா டீக்கடையிலிருந்து கூப்பிட்டார். "இன்னா சம்பந்தி, மலைக்கா? மேல யாரு இருக்காங்க உங்களுக்கு?" யாருமில்லை, புளி விலை விசாரிக்க வந்தேன் என்று சொல்லிவிட்டேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

என்னைத் திட்டு, சாபம் விடு. என்னால் முடியாது. எனக்கு இருப்பது ஒரே பெண்.

ரங்கசாமி

ஜவ்வாது மலை
12.11.1978

ரங்கசாமி அவர்களுக்கு,

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு ஊர் கூடியது. உன் அண்ணன் வருகிறானா என்று ஊர்க்கவுண்டர் கேட்டார். "எனக்கு அண்ணன் இல்லீங்க, செத்துட்டாரு" என்றேன். பொய் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

ஊர்க்கவுண்டர் நம்ம முன்னோர்கள் ஏழு பேர் கதையை எடுத்தார். காஞ்சியிலிருந்து காட்டுக்கு வந்தவர்கள் திரும்ப நாளானதால், செத்துவிட்டார்கள் என்று வீட்டில் காரியம் செய்துவிட்டார்களாம். திரும்பிப் போனவர்களை யாரும் உள்ளே சேர்க்கவில்லை. அதனால்தான் வேடர் பெண்களைக் கட்டிக்கொண்டு மலையேறினார்கள். இதைச் சொல்லிவிட்டு என்னைக் கேட்டார்: "உசுரோட இருக்கறவனுக்குக் காரியம் பண்ணாலும் அது செல்லும். பண்றியாம்மா?"

பண்ணினேன். சுனையில் குளித்து, ஈரச் சேலையோடு உங்கள் பேரைச் சொல்லிச் சாமைச் சோறு வைத்தேன். அழக்கூடாது என்றுதான் இருந்தேன். சின்ன வயதில் நீங்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடை தாண்டிப் பள்ளிக்கூடம் போனது ஞாபகம் வந்துவிட்டது. மறுநாள் நம்ம சித்தப்பா பந்தலில் நின்று பரிசம் வாங்கினார். என் பிள்ளைக்கு ஊர் உண்டு.

காரியம் முடிந்தவருக்கு வீட்டைத் திறந்தால் நடந்த பரிசம் செல்லாது என்று சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் வந்து சுந்தரம் என்று கூப்பிட்டால் நான் திறந்துவிடுவேன். தயவுசெய்து வராதீர்கள்.

சுந்தரம்மாள்