மறுத்தவர்கள் நாற்பத்தொரு பேர்

ராசிபுரம்,
திங்கட்கிழமை.

அன்பு மகள் டாக்டர் உஷாராணிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அந்தப் பனியில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், போன வாரம் வீடியோவில் மூன்று பேரும் கம்பளிக்குள்ளிருந்து மூக்கை மட்டும் காட்டினீர்கள், மூக்குகள் சௌக்கியமாகவே தெரிந்தன. இங்கே உன் அம்மா சுகம். அடுத்து நானும் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம், ஆனால் முப்பத்தாறு வருடம் விசாரிக்காத செய்தியைப் பத்திரிகைக்கு அனுப்பாதவன் என்பதால் அந்த வரியை மட்டும் விட்டுவிடுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் சொன்னால் நீ ஒன்பது கேள்வி கேட்பாய், கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது.

முதலில் நல்ல செய்தி. உனக்கு அங்கே விருது கொடுத்த விவரம் ஊருக்குள் பரவிவிட்டது, பரப்பியது உன் அம்மா. லாரி புக்கிங் ஆபீஸ் சுப்பையன் வாசலில் நிறுத்தி விசாரித்தார். "ஏனுங்கண்ணா, உங்க புள்ள ஹார்ட் பெயிலானவீங்களுக்கு வைத்தியம் பாக்குதாமா, பெயிலானதுக்கப்புறம் என்னத்துங்க வைத்தியம், ஆக வேண்டியதப் பாக்க வேண்டியதுதானுங்களே" என்றார். இதயம் நின்றுபோவது அல்ல, தேவையான அளவு ரத்தத்தைத் தள்ள முடியாமல் தளர்ந்துபோவது என்று நான் கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இஞ்சின் நிக்குலீங்க, மேடேற இழுவை பத்துலீன்னு சொல்லுங்க" என்று முடித்தார். நீ பன்னிரண்டு பக்கக் கட்டுரையில் எழுதியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார், அவருக்கு யாரும் விருது கொடுக்கவில்லை.

அவரைச் சொல்லி என்ன, நான் மட்டும் பெரிய யோக்கியனா. பஸ் ஸ்டாண்டில் சாய்ந்தவர், பந்தியில் சரிந்தவர் எல்லோருக்கும் சேர்த்து ‘இதயம் செயலிழந்து உயிரிழந்தார்’ என்று நூறு தடவையாவது எழுதியிருப்பேன். எட்டு மாதத்துக்கு முன்னால் சேலத்தில் ஒரு டாக்டர் எனக்கு எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு இதயச் செயலிழப்பு என்றார், தள்ளும் திறன் இருபது சதவீதம்தான் என்றார். நான் எழுதிவந்த கணக்குப்படி பார்த்தால் நான் இறந்து எட்டு மாதம் ஆகிறது. இறந்தவன் பஸ் ஏறி ராசிபுரம் வந்து, ஓய்வு பெற்ற நிருபர்கள் கூட்டத்துக்குப் போய்வந்தேன் என்று உன் அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, கொடுத்த மாத்திரைகளை பிரஷர் மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தேன். அவளிடம் சொன்னால் ஒரு மணி நேரத்தில் உன்னிடம் வந்துவிடும், உன்னிடம் வந்தால் நான் மனிதனாக இல்லாமல் கேஸாகிவிடுவேன் என்று நினைத்தேன். நீயும் எனக்கு நன்றாக ஒத்துழைத்தாய். ஏப்ரலில் ஒரு நாள், "அப்பா மூஞ்சி உப்புன மாதிரி இருக்கே" என்று கேட்டாய். கேமரா கோளாறு என்றேன், ஒத்துக்கொண்டாய். உலகமெங்கும் தளர்ந்த இதயங்களைக் கண்டுபிடிக்கிற டாக்டருக்கு அது போதுமானதாக இருந்தது. குற்றம் சொல்லவில்லை, தேதியோடு பதிவு செய்கிறேன், அவ்வளவுதான்.

இனி விஷயம். டாக்டர் எனக்கு விதித்தது ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், காபி, ரசம், மோர் எல்லாம் அதற்குள். உப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீட்டில் ஒரு ஸ்டீல் பாட்டிலை வைத்துக்கொண்டு யாருக்கும் தெரியாமல் ஓட்டிவிட்டேன். போன மாதம் உன் மாமா மகள் நித்யஸ்ரீக்கு நிச்சயதார்த்தம் வந்தது. உன் குணசீலன் மாமாவுக்கும் நமக்கும் பதினோரு வருடமாகப் பேச்சில்லை என்பது உனக்குத் தெரியும், அவன் சாயப்பட்டறை தண்ணீரை ஓடையில் விட்டதை நான் செய்தியாகப் போட்டேன், பட்டறையைப் பூட்டினார்கள், அவன் நம் வாசலில் நின்று இனி இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனான், உன் அம்மா அன்றைக்கு அழ ஆரம்பித்தவள் தவணை முறையில் இன்னும் அழுகிறாள். இப்போது அவன் பெண்டாட்டி ஜோதி தானாகவே போன் செய்து, வந்தே தீரவேண்டும் என்றது. போனோம். குமாரபாளையம் போய்ச் சேரும்போது மணி நாலு, என் ஒன்றரை லிட்டர் பஸ்ஸிலேயே தீர்ந்திருந்தது. உள்ளே உட்கார்ந்ததும் ஜோதி சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டியது. நான் வேண்டாம்மா என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்குக் கூடமே என் பக்கம் திரும்பியது. மாப்பிள்ளை வீட்டார் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். குணசீலன் எழுந்து வந்து, "ஏனுங் மாமா, பதினோரு வருசம் ஆயும் கோவம் ஆறுலீங்களா, சொன்னது நானு, இப்பத் தண்ணி வேண்டாங்கறது நீங்களா" என்று கேட்டான். யாரோ பின்னாலிருந்து, தண்ணி வாங்காதவரு பாக்குக்கு மட்டும் எப்படிக் கை நீட்டுவாரு என்று ஒரு போடு போட்டார். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. நெஞ்சு கெட்டிருக்கிறது, அதனால் குடிக்கவில்லை என்று நான் ஒரு வரி சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் சொம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன், எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப்பின் உபசாரம் பெருகியது, காபி, பாயசம், இரண்டாம் தடவை ரசம், அப்பளம், ஊறுகாய், ஒவ்வொன்றையும் மறுத்தால் மறுபடி பகை என்பதால் ஒவ்வொன்றையும் நட்பாகவே சாப்பிட்டேன். மூன்றாம் நாள் எடை மூன்று கிலோ கூடியிருந்தது, கால் செருப்புக்குள் போகவில்லை, படுத்தால் மூச்சில்லை. சேலம் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தேன். சமாதானம் கெட்டுவிடக் கூடாது என்று தண்ணீர் குடித்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அங்கேதான் கோவையிலிருந்து வாரம் ஒரு நாள் வருகிற இளம் டாக்டர் ஒருவர் பார்த்தார். மாத்திரைகளால் ஆகக்கூடியது முடிந்துவிட்டது, மாற்று இதயத்துக்கு என் சிறுநீரகமும் வயதும் இடம் கொடுக்காது, இதயத்தோடு ஒரு பம்பு பொருத்தலாம் என்றார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன், பழக்கதோஷம். உடனே பையிலிருந்து ஒரு கட்டுரையை எடுத்து, ஓஹாயோவில் உஷாராணி ரமேஷ்குமார் என்று ஒரு மேடம் இருக்கிறார், இந்தத் துறையில் அவர் சொன்னால் சொன்னதுதான், அவருடைய அடுத்த ஆய்வில் எங்கள் கோவை ஆஸ்பத்திரியும் சேர்ந்திருக்கிறது என்று உன்னைப்பற்றி எனக்கே இருபது நிமிடம் பாடம் நடத்தினார். உன் பெயருக்குப் பின்னால் மாப்பிள்ளை பெயர் இருந்ததால் தப்பித்தேன், நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். உன் அம்மாவால் தாங்க முடியவில்லை, "அது எங்க புள்ளைங்க சாமி" என்று போட்டு உடைத்துவிட்டாள். அந்தப் பையன் எழுந்து நின்றுவிட்டார். என்னை சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் அதன்பின் அங்கிள் என்கிறார், மற்றபடி மருந்தில் மாற்றமில்லை. நானே எழுதும்வரை உனக்குத் தெரியக்கூடாது என்று அவரிடமும் உன் அம்மாவிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

குணசீலன் தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்தான். விஷயம் தெரிந்ததும் முதல் வேலையாக என்னைத் திட்டினான், "வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னுங் மாமா, ஊரு விசயமெல்லாம் பேப்பர்ல போட்டீங்க, உங்க விசயத்தப் போட மாட்டீங்களா" என்றான். பிறகு டாக்டரைப் பிடித்துக்கொண்டான். பம்பிலிருந்து ஒரு ஒயர் வயிற்றின் வழியாக வெளியே வந்து இடுப்பு பேட்டரியில் சேரும் என்று அவர் சொன்னதும், சிங்கிள் பேஸா மூணு பேஸா என்று கேட்டான். சாயப்பட்டறையைப் பூட்டியபின் விசைத்தறி போட்டவன், அப்படித்தான் கேட்பான். நம் தெருவில் கரண்டு எந்த நாளில் எத்தனை மணிக்குப் போகும் என்று அவனே டாக்டருக்குச் சொன்னான், இப்போது நம் வீட்டில் இரண்டு இன்வர்ட்டர் உட்கார்ந்திருக்கிறது, தறி ஓட்டலாம். பம்பு சீராகத் தள்ளிக்கொண்டே இருப்பதால் கையில் நாடி தெரியாமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னபோது உன் அம்மா, "நாடி இல்லாத மனுசனோட எப்படிங்க குடும்பம் நடத்தறது" என்று கேட்டாள். இத்தனை வருடம் இருந்த நாடியால் என்ன பயன் கண்டாள் என்று நான் கேட்கவில்லை.

உன் கட்டுரையை அகராதியோடு நாலு நாள் படித்தேன். சிரத்தையான வேலை, சந்தேகமில்லை. ஆனால் ஓர் இடத்தில் உன்னை நான் விடமாட்டேன். பம்பு வேண்டுமா என்று கேட்கப்பட்டவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர், பொருத்திக்கொண்டவர்கள் நூற்று எழுபத்து மூன்று, மறுத்தவர்கள் நாற்பத்தொன்று என்கிறாய். ஏன் மறுத்தார்கள் என்பதற்கு ‘தனிப்பட்ட காரணங்கள்’ என்று இரண்டே சொல். நான் அப்படி ஒரு செய்தி அனுப்பியிருந்தால் எங்கள் செய்தி ஆசிரியர் அந்தத் தாளிலேயே வடை மடித்துத் திருப்பி அனுப்பியிருப்பார். நாற்பத்தொரு பேர் சாகத் துணிந்திருக்கிறார்கள், நீ பக்கத்தில் உட்கார்ந்து ஏனுங்க என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதற்கு ஒருவனுடைய காரணத்தை மட்டும் இங்கே தருகிறேன், பெயர் வீரபாகு, வயது அறுபத்தொன்பது.

பொருத்திக்கொண்ட நூற்று எழுபத்து மூன்று பேரில் ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் நூற்று நாற்பத்தொன்பது என்று எழுதியிருக்கிறாய். மிச்சத்தை நீ எழுதவில்லை, நான் கழித்துப் பார்த்தேன், இருபத்து நாலு. கத்திக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய், ஆனால் அறுவைக்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் இரண்டு வாரம் டிராயரில் வைத்திருந்தது அதற்காக அல்ல. அந்த இருபத்து நாலில் நான் போய் விழுந்தால், மறுநாள் நீ உன் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியின் மகளைக் கூப்பிட்டு, உங்கள் அப்பாவுக்கு இதைப் பொருத்தலாம் என்று சொல்ல வாய் வருமா உனக்கு. பதினைந்து வருடம் நீ கட்டியதை நான் ஒரு நாளில் கெடுத்துவிடக்கூடாது என்று பார்த்தேன். இதை நேற்று உன் அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிராமலே, "உங்க புள்ள படிச்ச படிப்பு ஊருக்கெல்லாம் ஆகுமுங்க, உங்களுக்கு மட்டும் ஆகாதுங்களா, அவ பேரக் காப்பாத்த நீங்க சாவறதுக்கா அவளப் படிக்க வெச்சோம்" என்று கேட்டாள். ஊரில் எல்லோரையும் கேள்வி கேட்டே பிழைத்தவன், டிராயரைத் திறந்து படிவத்தை எடுத்தேன். பேனாவை அவளே எடுத்துக் கொடுத்தாள், கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

அறுவை சிகிச்சை இருபத்தாறாம் தேதி, கோவையில். நீ வா கண்ணு. டாக்டராக உள்ளே வராதே, அங்கே கேட்கவும் சொல்லவும் ஆட்கள் இருக்கிறார்கள், வெளியே சொந்தக்காரர்கள் உட்காருகிற நாற்காலியில் உன் அம்மா பக்கத்தில் உட்கார். எப்படி முடிந்தாலும் அப்பா என்பதற்காக என்னைக் கணக்கிலிருந்து எடுத்துவிடாதே. நூற்றைம்பது என்று எழுத முடிந்தால் சந்தோஷம், இருபத்தைந்து என்று எழுதவேண்டி வந்தால் கூசாமல் இருபத்தைந்து என்று எழுது, எண் சரியாக இருக்கவேண்டும்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசீர்வாதம், நீண்ட ஆயுளோடும் வேளைக்குச் சாப்பாட்டோடும் இருங்கள். ஒரு நினைவூட்டல், அந்த ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் மாலை நாலிலிருந்து ஆறு வரைதான், மகளுக்கும் அதே நேரம்தானாம், விசாரித்துவிட்டேன்.

இப்படிக்கு உன் அப்பா,
க. வீரபாகு