சிவப்பு முடியும் இடம்

4 ஜூலை 1971, ஞாயிறு
சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் கல்லூரியிலிருந்து கொண்டுவந்த கண்ணாடிப் பட்டகத்தை எடுத்தேன். டெமான்ஸ்ட்ரேட்டர் ஆன பிறகு வருகிற முதல் வகுப்பு நாளை. சூரியனுக்குள் என்ன இருக்கிறது என்பதை அதன் ஒளியைப் பிரித்தே சொல்லலாம் என்று பெண்களுக்குக் காட்ட வேண்டும். ஜன்னல் அட்டையில் துளை போட்டு வெயிலைப் பிடித்தேன். நம் அழுக்குச் சுவரில் அத்தனை நிறம்!

தம்பி லியோனார்ட் வந்து நின்றான். அவனிடம் அளக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஊதாவுக்கு அப்பாலும் ஒளி உண்டு, சிவப்புக்கு அப்பால் வெப்பம், அதற்கும் அப்பால் ரேடியோ அலை, ஊட்டியில் அதை வைத்துத்தான் வானத்தைக் கேட்கிறார்கள், நம் கண்ணுக்குக் கிடைத்தது நடுவில் ஒரு துண்டு என்றேன். சிவப்பு எங்கே முடிகிறது, கோடு போடு என்று பென்சிலைக் கொடுத்தேன். போட்டான். கோட்டைத் தாண்டி இன்னும் ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு இருந்தது. கிண்டலா என்று அதட்டினேன்.

"அங்கதாங்கா முடியுது. அதுக்கு மேல இன்னா கீது, வெறும் செவுருதான்."

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கோட்டுக்கு அப்பால் இருந்த சிவப்பும் அம்மாவுக்குத் தெரிந்தது.

5 ஜூலை
வகுப்பில் மனம் ஓடவில்லை. தக்காளி வாங்கச் சொன்னால் காயாக வாங்கி வருவான். சோம்பேறி என்று இத்தனை வருஷம் திட்டினோமே!

ரயில் எஞ்ஜின் ஷெட்டில் நாலு வருஷமாகக் கிளீனர் அவன். இருபதாம் தேதி கண் பரிசோதனை. தேறினால் ஃபயர்மேன். ஃபயர்மேன் கரி மட்டுமா அள்ளுவான்? டிரைவரோடு சேர்ந்து சிக்னலும் பார்க்க வேண்டும்.

9 ஜூலை
அவன் கண்ணுக்குச் சிவப்பு முழுதாகத் தெரியவில்லை என்று அவனிடம் சொல்லிவிட்டேன். "அப்ப நான் குருடா?" என்றான். இல்லை என்றேன்.

10 ஜூலை
ஊதாவுக்கு அப்பால் இருப்பதற்குப் புகைப்படத் தகடு. வெப்பத்துக்குத் தெர்மாமீட்டர். ரேடியோவுக்கு ஆன்டெனா. என் தம்பிக்குக் குறைகிற ஒரு விரல் அகலத்துக்கு — லேப் முழுக்கத் தேடினாலும் ஒன்றுமில்லை.

14 ஜூலை
அவன் தோஸ்து நீலமேகம் எங்கிருந்தோ ஒரு புத்தகம் கொண்டுவந்தான். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் இருக்கும். பரிசோதனையில் காட்டுவது அதைத்தானாம். பக்க வரிசையில் நெட்டுருப் போட்டால் போதுமாம். என்னைப் படித்துச் சொல்லச் சொன்னான் லியோனார்ட். மாட்டேன் என்றேன். வண்டியில் வருகிறவர்கள் கதி?

அம்மா அழுதாள். "படிச்ச திமிரு ஆலிஸு உனக்கு. கூடப் பொறந்தவன் வவுத்துல மண்ணப் போடாத."

பிறகு அம்மாவே புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள். பன்னிரண்டு. எட்டு. இருபத்தொன்பது. அவன் திருப்பிச் சொன்னான். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தடுக்கவில்லை. எப்படித் தடுப்பேன்?

20 ஜூலை
தேறிவிட்டான்.

22 ஜூலை
ஷெட்டில் போய்ச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். தெருமுனையோடு திரும்பிவிட்டேன். சொன்னால் தம்பி பிழைப்பைக் கெடுத்தவள். சொல்லாவிட்டால் — மாதாவே, என்னால் முடியவில்லை.

31 ஜூலை, சனி
திங்கள்கிழமை முதல் டியூட்டி. இன்று பொழுது சாய்ந்ததும் நெற்றியில் ரத்தத்தோடு வந்தான். ரயில்வே கேட் மூடியிருந்தது தெரியாமல் சைக்கிளோடு போய் மோதியிருக்கிறான். சிவப்பு விளக்கை ஏற்றாமல் கேட்காரன் தூங்கிவிட்டான் என்று அம்மா சபித்தாள். நான் டிஞ்சர் போட்டேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வெளக்கு எரிஞ்சிகினுதாங்கா இருந்துச்சு. மத்தவங்கல்லாம் நின்னுகினு இருந்தாங்க."

2 ஆகஸ்ட், திங்கள்
காலையிலேயே ஷெட்டுக்குப் போய் அவனே சொல்லிவிட்டான். கரி மேட்டில் கூடை தூக்கச் சொல்லியிருக்கிறார்களாம். அம்மா எங்கள் இருவரிடமும் பேசவில்லை. அவனுக்கு நான்தான் சோறு போட்டேன். சாப்பிடும்போது பக்கத்துத் தண்டவாளத்தில் சரக்கு வண்டி ஒன்று போனது. அது போய் முடிகிற வரை அவன் சோற்றில் கை வைக்கவில்லை.